ரதியின் ஒன்பது வளையல்கள்

அத்தியாயம் 6

நோயாளி எண் நான்கு ஒரே நாளில் முப்பத்தோராயிரம் அடி நடந்திருக்கிறாள் என்று அந்த அறிக்கையின் பதினோராம் பக்கம் சொன்னது.

நோயாளி எண் நான்கு வினோஜனின் சொந்த அக்கா. லயத்து வரிசை வீட்டிலிருந்து பீலிக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போனால் நடுவில் இரண்டு தடவை உட்காருகிறவள்.

"முப்பத்தோராயிரமா? என் ஆட்டோவே ஒரு நாளைக்கு அவ்வளவு ஓடினதில்லையே!" என்றான் வினோஜன்.

"உங்க ஆட்டோ நோயாளி எண் ஒன்று. கொஞ்சம் பேசாம இருங்க" என்றாள் சண்முகவடிவு.

ஹட்டன் டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய துப்பறியும் நிலையம். இரண்டு நாற்காலி, ஒரு நாள்காட்டி, கீழேயிருந்து ஓயாத மெஷின் சத்தம். பதினான்கு வருடம் ஒரு காப்புறுதிக் கம்பெனிக்காகப் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்தவள் வடிவு. செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட மூன்று பேரை உயிரோடு கண்டுபிடித்த பெருமை அவளுக்கு உண்டு; அதில் ஒருவன் தன் சாவு வீட்டிலேயே பந்தி பரிமாறிக்கொண்டிருந்தான். இப்போது சொந்தத் தொழில். வினோஜன் அவளுக்கு ஆட்டோ சாரதி, உதவியாளன், கேட்காமலே கருத்துச் சொல்கிறவன், எல்லாம்.

எதிரே உட்கார்ந்திருந்தவள் தக்ஷிகா, பல்கலைக்கழகத்தில் புள்ளிவிவரவியல் விரிவுரையாளர். வலப்பனைப் பக்கத்துப் பெண். விடிகாலை பஸ் பிடித்து வந்தவளின் கண்ணில் தூக்கமும் கோபமும் ஒன்றாக இருந்தன.

"மேடம், ஊசிப்பாறைத் தேயிலைத் தோட்டத்துல ஒன்பது பொம்பளைங்களுக்கு ஒரே சீக்கு. காய்ச்சல் வந்துச்சு, போயிருச்சு, அசதி மட்டும் போகல. இன்னைக்குக் கொஞ்சம் கூட வேலை செஞ்சா, அடுத்த மூணு நாளைக்குப் படுக்கை. நாலு வருஷமா இப்படித்தான். டாக்டர் கணேசமூர்த்தி வந்து, 'இது சீக்கே இல்ல, நடக்கப் பயம். தினமும் கூடக்கூட நடந்தா சரியாயிரும்'னு ஒரு ஆய்வு நடத்தினாரு. பேரு 'நடந்தால் நலம்'. ஒன்பது பேர் கையிலயும் அடி எண்ணுற பட்டி."

"முடிவு?"

"ஒன்பதுக்கு ஒன்பது குணம்."

"பத்துக்கு ஒன்பதுன்னாகூட நம்பியிருப்பேன்" என்றான் வினோஜன்.

தக்ஷிகா சிரிக்கவில்லை. "ஆரம்பத்துல அவங்க பதிஞ்ச திட்டம் இது. இதுல என்ன இருக்குன்னா, வாராவாரம் நோயாளி தன் கையால எழுதிக் குடுக்கிற பதில்தாள வச்சுத்தான் முடிவு சொல்லணும். ஆறாவது வாரத்துல அதத் தூக்கிட்டு, பட்டி எண்ணுற அடியத்தான் பார்ப்போம்னு மாத்திட்டாங்க. பதில்தாளக் கேட்டு மூணு கடிதம் போட்டேன். ரெண்டுக்கு 'ரகசியம்'னு பதில். மூணாவதுக்குப் பதிலே இல்ல. கிடைச்சது இந்த ஒரு வரைபடம்தான்."

"இன்னைக்கு என்ன அவசரம்?"

இதற்கு வினோஜன்தான் பதில் சொன்னான். குரலில் வழக்கமான கேலிப் பகிடி இல்லை. "மூணு மணிக்கு நுவரெலியாவுல கூட்டம் மேடம். பட்டியெல்லாம் திருப்பிக் குடுக்கிற விழாவும் அதுதான். தொழில் அதிகாரி அம்மாவும் எங்க தோட்டத்துப் பெரிய தொரையும் அந்த அறிக்கையில கையெழுத்துப் போடுறாங்க. போட்டா அக்காவுக்குப் பிள்ளைக்காம்பராவுல குடுத்திருக்கிற லேசான வேலை போயிரும். தொட்டில் ஆட்டுற வேலையே அவளுக்கு அரை நாள்தான் முடியுது. திங்கக்கிழமை பெரட்டுல பேரு வாசிச்சு மலைக்கு ஏத்துவாங்க. கூடையோட அந்தச் சரிவுல ஏறினா அவ செத்துருவா மேடம்."

வடிவு வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்தாள். பிளேன்டியில் ஒரு மிடறு, உள்ளங்கைச் சீனியில் ஒரு நக்கல். யோசிக்கும்போது அப்படித்தான்.

ஒன்பது கோடுகள். பெப்ரவரி முழுக்கத் தரையோடு தரையாகக் கிடந்தன. மார்ச் இரண்டாம் தேதி ஒன்பதும் சேர்ந்து எழும்பின. பதின்மூன்றாம் தேதி உச்சி. பதினான்கும் பதினைந்தும் வெற்றிடம். அடியில் பொடி எழுத்தில் 'கருவிக் கோளாறு' என்று குறிப்பு. பதினாறாம் தேதி மறுபடி ஒரு துள்ளல். அத்தோடு ஆய்வு முடிந்தது.

"ஒன்பது பட்டியும் ஒரே நேரத்துல கெட்டுப்போய், ஒரே நேரத்துல சரியாச்சாம். எங்க லயத்துல கரண்டுகூட அவ்வளவு ஒத்துமையாப் போறதில்ல" என்றான் வினோஜன்.

வடிவு எழுந்து நாள்காட்டியைப் பின்னால் புரட்டினாள். மார்ச் பதின்மூன்று, போயா நாள். பௌர்ணமி. அங்கேயே நின்று ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது, சிரிக்கிறாள்.

"வினோஜன், உங்க மச்சானுக்கு மீசை இருக்கா?"

"இது என்ன கேள்வி மேடம்? இருந்துச்சு. எடுத்தாரு. இப்ப வளருது. பாதியில நிக்குது, பார்க்க நல்லாயில்ல."

"வண்டிய எடுங்க."

* * *

ஊசிப்பாறைத் தோட்டத்தின் மேல் லயத்துக்கு எண்பத்தாறு படி. வடிவு மூச்சு வாங்காமல் ஏறினாள். தக்ஷிகா இரண்டு இடத்தில் நின்றாள். வினோஜன் ஏறும்போதெல்லாம் படியைத் திட்டுவான், இன்றைக்கும் திட்டினான்.

ஜெயலெட்சுமி கட்டிலில் சாய்ந்திருந்தாள். முப்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் அந்த மலையில் கொழுந்து பறிக்க அவள் கைக்குப் பக்கத்தில் வேறு கை கிடையாது. கங்காணியே அவள் நிரைக்கு வேகம் பிடிக்க முடியாமல் திணறுவார். இப்போது தலையை வாரிக்கொண்டதே இன்றைய வேலையாக முடிந்திருந்தது. கூட்டத்துக்குப் போக வேண்டுமே என்று காலையிலிருந்து அசையாமல் கிடந்து பலத்தைச் சேர்த்து வைத்திருந்தாள்.

"வாங்க மேடம். எந்திரிக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க."

"நீங்க எந்திரிச்சாத்தான் தப்பா எடுத்துப்பேன்" என்று வடிவு பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரே கேள்வி. டாக்டர்கிட்ட முடியலைன்னு சொன்னீங்களா?"

"வாராவாரம் எழுதிக் குடுத்தோமே மேடம், ஒன்பது பேரும். 'நேத்து நடந்தேன், இன்னைக்குப் படுத்துட்டேன்'னு எழுதினேன். அவரு வாசிச்சுட்டு, 'பயத்த எழுதாதீங்க, பட்டி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம்'னாரு. அடி குறைஞ்சா 'ஒத்துழைக்காதவர்'னு பேரு எழுதி தொரைகிட்ட குடுப்பேன்னாரு. பெப்ரவரி கடைசியில பீலிக்கரையில விழுந்துட்டேன். நாலு நாள் கண்ணே தொறக்கல."

"அதுக்கப்புறம் முப்பதாயிரம் அடி நடந்தியாக்கும்?" என்றான் வினோஜன்.

ஜெயலெட்சுமி தம்பியைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். உதட்டோரத்தில் ஏதோ துடித்தது. அழுகையா சிரிப்பா என்று வினோஜனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வடிவும் சுவரைத்தான் பார்த்தாள். அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. இந்த வருடத்துக் காமன் கூத்து. மாசி அமாவாசை முடிந்த மூன்றாம் நாள் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றிவிட்டால், பௌர்ணமி வரை தோட்டத்தில் தப்பு மேளச் சத்தம் ஓயாது. ஊசிப்பாறையில் இருபது வருடமாக ரதி வேஷம் ஒரே ஆளுக்குத்தான்: ஜெயலெட்சுமியின் புருஷன் மூக்கன். படத்தில் பட்டுச் சேலையும் ஜடைப் பின்னலும் இரண்டு கை நிறைய வளையலுமாக, மீசை இல்லாத மூக்கன் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார்.

"மச்சான் எங்க அக்காவவிட லட்சணம்" என்றான் வினோஜன்.

"ரதி கல்யாணப் பொண்ணுதானே?" வடிவு படத்துக்குக் கிட்டே போனாள். "கல்யாணப் பொண்ணுக்குப் பச்சை வளையல் போடுவாங்க, சிவப்பு போடுவாங்க. கறுப்பு போடுவாங்களா?"

"மச்சான் நிறத்துக்குப் பொருத்தமா இருக்கட்டும்னு போட்டிருப்பாங்க."

கதவடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். மூக்கன் நின்றார், பாதி மீசையோடு. வடிவு அவரைப் பார்த்தாள். அவர் வடிவைப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தில் இருபது வருட ரதியின் வெட்கம் மொத்தமும் வந்து குந்திக்கொண்டது.

"அண்ணே, கொஞ்சம் வெளிய வர்றீங்களா?"

வினோஜனும் எழுந்தான். "நீ இரு. உன் வாய் நிக்காது" என்றாள் அக்கா. தக்ஷிகாவைக்கூடக் கூட்டிக்கொண்டு போனார்கள். சொந்த மச்சான், சொந்த முதலாளி, காலையில் அறிமுகமான விரிவுரையாளர், மூன்று பேரும் லயத்துக் கொல்லையில் பத்து நிமிடம் குசுகுசுத்தார்கள். வினோஜன் ஜன்னலில் காதை வைத்தும் மூக்கனின் ஒரு வாக்கியம்தான் விழுந்தது: "வேஷம் மட்டும் கட்டமாட்டேங்க. காமன் மாசம் முடிஞ்சுபோச்சு, தெய்வக் குத்தமாயிரும்."

திரும்பி வந்த தக்ஷிகா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே வினோஜனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எனக்கு என்ன வேலை மேடம்?" என்றான் விறைப்பாக.

"நான் இருமுவேன். நீங்க கதவத் திறக்கணும்."

"படிச்ச படிப்புக்கு ஏத்த வேலை" என்று முனகிக்கொண்டே அக்காவைத் தூக்கி ஆட்டோவுக்குக் கொண்டுபோனான்.

* * *

நுவரெலியா ஹோட்டல் மண்டபத்தில் கம்பளம் விரித்து, மாலை போட்ட குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். முன்வரிசையில் ஒன்பது பெண்கள், கம்பளிச் சட்டையின் கை விரல் வரை இழுத்துவிட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். நுவரெலியாக் குளிருக்கு அதில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மேடையில் பெரிய தொரை; பக்கத்தில் தொழில் அதிகாரி, தமிழ் நன்றாகப் பேசும் ஒரு சிங்களப் பெண்மணி; முன்னால் கையெழுத்துக்குக் காத்திருக்கும் அறிக்கை.

டாக்டர் கணேசமூர்த்தி தேன் தடவிய குரலில் பேசினார். "நோய் உடம்பில் இல்லை, பயத்தில் இருக்கிறது. பயத்தை விட்டார்கள், நடந்தார்கள். இதோ, திரையைப் பாருங்கள். ஒன்பது பட்டிகளும் இந்த மண்டபத்தில் இருக்கும் பெட்டியோடு இணைந்திருக்கின்றன. இவர்கள் எழுந்து நடந்தால் எண்கள் உங்கள் கண் முன்னாலேயே ஏறும். சகோதரிகளே, எழுந்து ஒரு சுற்று..."

வடிவு இருமினாள்.

வினோஜன் பக்கக் கதவைத் திறக்கப் போவதற்குள் திரையில் எண்கள் ஏறத் தொடங்கிவிட்டன.

எண் ஒன்று, எண் இரண்டு, எண் மூன்று. ஒன்பதும் சேர்ந்தாற்போல. பத்து, இருபது, நாற்பது. டாக்டர் பெருமையோடு முன்வரிசையைக் காட்டத் திரும்பினார். முன்வரிசையில் ஒன்பது பெண்களும் மடியில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் அசையவில்லை.

திரையில் நூற்றிருபது.

"இது, இது எப்படி?" என்றார் தொரை.

வினோஜன் கதவை விரியத் திறந்தான். நடையில் மூக்கன் ஆடிக்கொண்டிருந்தார். சலங்கை இல்லை, தப்பு இல்லை, சேலை இல்லை. மடித்துவிட்ட சட்டையும் இடுப்புச் சாரமும் பாதி மீசையும்தான். வாய்க்குள்ளேயே தாளம் போட்டுக்கொண்டு, ரதி மாலை மாற்றப் போகும் அந்தத் துள்ளல் நடை. வலது கையில் ஐந்து கறுப்புப் பட்டி. இடது கையில் நான்கு. ஒன்பதிலும் பச்சை விளக்கு மினுங்கியது.

"மச்சான்!" என்று கத்திவிட்டான் வினோஜன். மூக்கன் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை.

வடிவு எழுந்தாள். "நோயாளிகள் ஒன்றிலிருந்து ஒன்பது வரை. பேரு மூக்கன். கொழுந்து ஏத்துற லொறியில வேலை. சீக்கு எதுவும் இல்ல. மார்ச் ரெண்டாம் தேதி கம்பம் ஊன்றினாங்க, இவர் ஆட ஆரம்பிச்சாரு. பதிமூணு பௌர்ணமியில காமன எரிச்சாங்க. எரிச்ச காமன எழுப்புற வரைக்கும் ஊசிப்பாறையில யாரும் சலங்கை கட்டமாட்டாங்க, அதனால பதினாலும் பதினஞ்சும் ஒன்பது கோடும் விழுந்துருச்சு. பதினாறு காமன் எழும்பினான், கோடும் எழும்பிருச்சு."

மண்டபம் வெடித்தது. தொரைகூடக் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். வினோஜன் ஜெயித்துவிட்டோம் என்று அக்காவைப் பார்த்தான்.

சிரிக்காத ஒரே ஆள் டாக்டர். அவர் முகம் ஒரு கணம்தான் வெளுத்தது. பிறகு மெதுவாகக் கைதட்டினார்.

"அருமை! நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். இந்தப் பெண்கள் ஏமாற்றுக்காரர்கள். ஆய்வில் குற்றமில்லை, நோயாளிகளிடம்தான் குற்றம். அதிகாரி மேடம், பொய் சொன்னதற்காக இந்த ஒன்பது பேர் மீதும் நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும்."

சிரிப்பு நின்றது. தொரையின் கைக்குட்டை பைக்குள் போனது. வினோஜன் கதவை விட்டு முன்வரிசைப் பக்கம் நகர்ந்தான். லேசான வேலையைக் காப்பாற்ற வந்து, இருக்கிற வேலையையும் தொலைத்துவிட்டோமா?

ஜெயலெட்சுமி எழுந்தாள். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"ஏமாத்தினோம்ங்க. அவருகிட்ட நான்தான் பட்டியக் குடுத்தேன். விழுந்து கிடந்தேன், வேலை போயிருமேன்னு பயம். மத்தவங்க என்னப் பார்த்துக் குடுத்தாங்க. ஆனா வாயால ஒரு பொய் சொல்லலைங்க. பதினோரு வாரம் எங்க கையால முடியல முடியலைன்னுதான் எழுதினோம். அந்த ஆட்டம் நடந்த வாரத்துலயும் அதத்தான் எழுதினேன். பட்டிதான் பொய் சொல்லுச்சு. நீங்க எங்கள விட்டுட்டு அத நம்பினீங்க."

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் சாயப் போனவளை வினோஜன் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டான். உடம்பு முழுக்க நடுங்கியது அவளுக்கு.

தக்ஷிகா பதிந்த திட்டத்தின் பிரதியையும் அறிக்கையின் பதினோராம் பக்கத்தையும் அதிகாரியின் முன்னால் வைத்தாள். "மேடம், பதில்தாள்தான் முடிவுன்னு இதுல இருக்கு. அந்தத் தாள் 'முடியல'ன்னு சொன்னதும் அத ஒதுக்கிட்டாங்க. இன்னொன்னு. இந்தப் பொடி எழுத்து."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "கருவிக் கோளாறு. டாக்டர், அந்த ரெண்டு நாள் கருவி கெட்டுப்போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"ஒன்பதும் ஒரே நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கின. அது இயற்கையாக நடக்காது. அதனால் அந்த நாட்களை நீக்கினோம்."

"ஒன்பதும் ஒரே நேரத்துல முப்பதாயிரத்துக்கு ஏறினது?"

டாக்டர் பதினோராம் பக்கத்தைத் தன் பக்கம் இழுத்தார்.

"விழுந்தது கண்ணுல பட்டுச்சு. ஏறினது மட்டும் படலையா?" அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "பதில்தாள் எல்லாம் என் மேசைக்கு வரணும், ஒன்பது பேருடையதும். அதுவரைக்கும் கையெழுத்துக் கிடையாது. இவங்க இப்ப இருக்கிற வேலையிலயே இருப்பாங்க. யார் மேலயும் நடவடிக்கை கிடையாது. சரிதானே?" கடைசிக் கேள்வி தொரைக்கு. தொரை தலையை வேகமாக ஆட்டினார்.

"பட்டிகளைத் திருப்பிக் குடுக்கிற விழாவாச்சே, குடுத்துரலாம்" என்று வடிவு மூக்கனின் கையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி டாக்டரின் உள்ளங்கையில் மரியாதையாக வைத்தாள். அவர் பார்க்கக்கூடச் செய்யாமல் எல்லாவற்றையும் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு, பத்திரிகைக்காரர் ஒருவர் எழுந்து வருவதைக் கண்டு, பக்கக் கதவு வழியாக வெளியேறினார்.

திரையை யாரும் அணைத்திருக்கவில்லை.

எண் ஒன்று, எண் இரண்டு, எண் மூன்று, எண் நான்கு. ஒன்பதும் மறுபடி ஏற ஆரம்பித்தன. முதலில் நடை வேகம். வெளியே பத்திரிகைக்காரர் "டாக்டர், ஒரு நிமிசம்!" என்று கூப்பிடும் சத்தம் கேட்டது. எண்கள் தலைதெறிக்க ஓடின.

"பாருங்க மேடம், சிகிச்சை வேலை செய்யுது" என்றான் வினோஜன்.

* * *

நானுஓயா தாண்டுவதற்குள் ஜெயலெட்சுமி பின்சீட்டில் துவண்டுபோயிருந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று முகத்தைப் புருஷனின் தோளில் புதைத்துக்கொண்டாள். இன்றைக்கு அவள் செய்ததெல்லாம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்து, ஏழெட்டு வாக்கியம் பேசியது. அதற்கு மூன்று நாளோ நான்கு நாளோ படுக்கை என்று மூவருக்கும் தெரியும். அவள் கையில் பட்டி இருந்திருந்தால் இந்த நாளைப் பூஜ்யம் என்று எழுதியிருக்கும்.

வினோஜன் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி வண்டியை மெதுவாக ஓட்டினான். நாலு வருடமாக அவளைப் பார்த்துப் பகிடி பண்ணிக்கொண்டிருந்தான். அழுதால் அவள் தாங்க மாட்டாள் என்றுதான். ஒரு நாளாவது, 'உனக்கு எப்படி இருக்கு' என்று கேட்டு, அவள் சொல்லி முடிக்கும் வரை உட்கார்ந்திருந்தானா? டாக்டர்மேல் இருந்த கோபத்தில் கொஞ்சம் அவன் பக்கமும் திரும்பியது.

லயத்துக்கு எண்பத்தாறு படி. மச்சானும் அவனும் அவளை நாற்காலியோடு தூக்கினார்கள். இந்தத் தடவை அவன் படியைத் திட்டவில்லை.

"அக்கா, எப்படி இருக்கு?"

அவள் கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னாள். எலும்புக்குள்ளே நோகிறது என்றாள், சத்தம் கேட்டால் தலை சுற்றுகிறது என்றாள், நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள். இரண்டு பேரும் நாற்காலியைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, அவள் முடிக்கும் வரை நின்றார்கள்.

"நோயாளி நாலு ஓடினத நான் சரியாப் பார்க்கலைடா" என்றாள் கடைசியில். "எத்தனை அடி?"

"மண்டபத்துல இருந்து கார் வரைக்கும் நானூத்திப் பத்து. அதுக்கு மேல பெட்டிக்கு எட்டல."

ஜெயலெட்சுமி சத்தமில்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் சேர்த்து இன்னொரு நாள் படுக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை என்று அவள் முகம் சொன்னது.